பாலத்துப் பெயின்ட்

– வாடி, வா. டிரைவர் பொண்டாட்டி இப்பத்தான் போறா. அவ பொண்ணுக்கு அஞ்சு வயசாச்சாம், இன்னும் செருப்பை மாத்தி மாத்திப் போடுதாம். 'அப்பன் வண்டியை எந்தப் பக்கம் ஓட்டுறான்னு முதல்ல பாரு'ன்னேன்…

– அக்கா, தொட்டில் எங்க?

– எந்தத் தொட்டில்?

– உங்க மரத்தொட்டில். இந்தத் தெருப் புள்ளைங்க எல்லாம் மாத்தி மாத்திப் படுத்தது. எம்பையனும் படுத்தானே, அது.

– ஓ… ரெண்டாவதா? மூச்சே விடல பாத்தியா, கள்ளி!

– அதெல்லாம் இல்ல. பையனுக்கு ரத்தம் பாத்தாங்க.

– ஐயோ, காய்ச்சலா?

– நாலு வயசாகுது, இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துப் பேசல. பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டேன்னுட்டாங்க. ரத்தத்துல ஈயம் இருக்காம்க்கா.

– ஈயமா? காதுல காய்ச்சி ஊத்துன மாதிரின்னு சொல்லக் கேட்டிருக்கேன். ரத்தத்துக்கு எப்படிடி போகும்?

– வாய்வழியா. எதைக் கடிப்பான்னு டாக்டர் கேட்டாங்க. பல்லு முளைக்கும்போது தொட்டில் விளிம்பைப் பிடிச்சு நின்னுக்கிட்டுக் கடிப்பான். பெயின்ட் செதில் செதிலா வரும். பிடுங்குனா அழுவான். அந்தப் பெயின்ட் இனிக்குமாம். அதான் விடல.

– அது நல்ல பெயின்டுடி! எங்க வீட்டுக்காரர் தன் கையால அடிச்சது. ஆத்துப் பாலத்துக்கு அடிச்சதுல மிச்சம். வெயில், மழை எது வந்தாலும் அசையாது!

– பாலம் துருப்பிடிக்கக் கூடாதுன்னு ஈயம் கலந்திருக்காங்க. பாலம் நல்லாத்தான் இருக்கு. எம்புள்ளை மூளைதான் துருப்பிடிச்சுப் போச்சு.

– வாயைக் கழுவு! சில புள்ளைங்க மெதுவாத்தான் பேசும். டெய்லர் வீட்டு ரெட்டையைப் பாரு. இன்னைக்குக் கூப்பிட்டா நாளைக்குத் திரும்புதுங்க. கடைக்காரர் பேரன் மூணு எண்ணுனதும் ஏழுக்குத் தாவுறான். அப்புறம் டிரைவர் பொண்ணு…

– அதைத்தான் நானும் சொல்றேன். நீங்க கேலி பண்ற புள்ளை அத்தனையும் அந்தத் தொட்டில்ல வளந்ததுங்க. வேண்டாம்னு சொன்னது டீச்சர் வீடு ஒண்ணுதான்.

– ஆமா, 'எங்க பையன் எங்களோடயே படுப்பான்'னு. தலைக்கனம் பிடிச்ச மகராணி!

– அந்தப் பையன் மட்டும் லொடலொடன்னு பேசுறான்.

– அது அவன் அம்மா வாய்டி. பரம்பரைச் சொத்து.

– விளையாடாதீங்கக்கா. தொட்டில் எங்க?

– அது… கால் ஆடிச்சு. உடைச்சுத் தூரப் போட்டாச்சு.

– பொய். பேக்கரிக்காரர் வீட்டுல இருக்கு. இப்ப அங்க இருந்துதான் வர்றேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் கேட்டேன்.

– போய்… என்ன சொல்லித் தொலைச்ச?

– உள்ளதைச் சொன்னேன். குழந்தையை வெளிய எடுக்க வச்சேன். அதுக்கும் இப்பத்தான் பல்லு முளைக்குது.

– அடிப்பாவி! மூட்டைப்பூச்சின்னு சொல்லியிருக்கலாம்ல?

– மூட்டைப்பூச்சிக்கு யாராவது ரத்தம் பாப்பாங்களா? இன்னும் டெய்லர் வீட்டுக்கும் கடைக்காரர் வீட்டுக்கும் போகணும்.

– எங்க வீட்டுக்காரர் மானமே போயிடும்டி. ஓசியில குடுத்ததுக்கு இதுதான் பலனா?

– எம்புள்ளை குடுத்தது ஓசி இல்லக்கா. போனது முழுசாத் திரும்பாதாம், இனிமே ஈயம் ஏறாமப் பாத்துக்கணுமாம். பசிச்சாலும் 'ம்மா', வலிச்சாலும் 'ம்மா'. எதுக்குக் கூப்பிடுறான்னு தெரியாம நான் நிக்குறேன்.

– அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்ற? சும்மாவா குடுத்தேன்? விளிம்பு முழுக்கத் துணி சுத்தி, இழுத்துத் தைச்சுக் குடுத்தேன். நீதான் அழுக்குத் துணின்னு பிரிச்சு எறிஞ்ச!

– …என்ன சொன்னீங்க?

– ஒண்ணுமில்ல.

– துணி எதுக்குச் சுத்துனீங்க?

– தலையில இடிக்கும்னு…

– இடிக்கிற பக்கக் கட்டைக்கு இல்லாம, கடிக்கிற விளிம்புக்கு மட்டுமா? பேக்கரி வீட்டுலயும் துணி இருந்துச்சு. புதுத் துணி. அதையும் குழந்தை கடிச்சு ஓட்டை போட்டிருக்கு. அந்தப் பெயின்டைக் கடிக்கக் கூடாதுன்னு யாருக்கா உங்களுக்குச் சொன்னது?

– கத்தாதடி. உள்ள என் பொண்ணு இருக்கா.

– இருக்கட்டும். கேக்கட்டும்!

– கேட்டாலும் அவளுக்குப் புரியாது… கூச்ச சுபாவம், அதான் வெளிய வர்றதில்லன்னு தெரு பூரா சொல்லி வச்சிருக்கேன். அவளுக்கு ரத்தம் பாத்தப்பவே டாக்டர் சொல்லிட்டாங்க, அந்தத் தொட்டிலை யாருக்கும் குடுக்காதன்னு. அடுத்த வாரமே நீ வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்து தொட்டில் கேட்ட. தர மாட்டேன்னா ஏன்னு கேப்ப… ஊர்க் கதை அத்தனையும் நான் சொல்லுவேன். எங்க வீட்டுக் கதையை எந்த வாயால சொல்லச் சொல்ற?