இருள் நேரத்தின் ஒரே நேயர்

கதிரைக்கு நன்றி, சேர். இந்த விவசாயக் கல்லூரியில் நாலு காலும் ஆடாமல் நிற்கிற கதிரை அதிபர் அறையில் மட்டும்தான் இருக்கிறது என்று பெடியள் சொல்வது உண்மைதான்.

நடந்ததைச் சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

நம் கல்லூரி வானொலி என்பது ஒரு ஒலிவாங்கியும், ஒரு கசற் பெட்டியும், தண்ணீர்த் தாங்கியின் உச்சியில் கட்டிய இரண்டு ஒலிபெருக்கிகளும்தான். சனிக்கிழமை நாலு மணி எனக்கும் நல்லதம்பிக்கும். 'இருள் நேரம்' என்று பெயர் வைத்தோம். பேர்லினில் இருக்கும் என் மச்சான் அனுப்பும் கசற்றுகள்; உறைகளில் பாட்டு வகை கொதிக் என்றும் இன்டஸ்ரியல் என்றும் எழுதியிருக்கும். ஒருவன் கிணற்றுக்குள் இருந்து அழுவான், நாலுபேர் இரும்பை அடிப்பார்கள். முதல் வாரம் அரிசி ஆலைப் பரமலிங்கம் தன்னுடைய இயந்திரம் உடைந்துவிட்டதென்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

ஒழுங்காகக் கேட்டவர் நல்லதம்பியின் தாய் மீனம்மா ஒருவர்தான். எழுபத்தேழு கலவரத்தில் புருஷனைப் பறிகொடுத்து, ஒரே மகனோடு மலையகத்திலிருந்து தர்மபுரத்துக்கு வந்தவர். சனிக்கிழமைகளில் நம் வேலிக்கு அந்தப் பக்கத்து வயலில் களை பிடுங்குவார். மகனுடைய குரல் வந்தால் நிமிர்ந்து நிற்பார். ஒருநாள் என்னிடம், "பாடுற பையனுக்கு யாராச்சும் கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கக்கூடாதா, தம்பி?" என்று கேட்டார். உண்மையிலேயே கவலைப்பட்டார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

போன வாரம் நீங்கள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தீர்கள். நல்லதம்பி, "எங்கம்மாவத் தவிர ஒருத்தரும் கேக்குறதில்ல சேர், சினிமாப் பாட்டுப் போடலாம்" என்றான். நீங்கள் உடனே, "அப்ப இந்தச் சனியோட நிப்பாட்டுங்கோ" என்றீர்கள். எனக்குக் கோபமில்லை. அவன் சொன்னது பிழை என்று காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வானொலியில் மரண அறிவித்தல் போனால் நம் ஊரில் உலக்கை நின்றுவிடும், அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவார்கள். ஆட்களைக் கேட்க வைக்க அதைவிட நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள். நல்லதம்பி அந்தச் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வவுனியாவுக்குப் போயிருந்தான். இந்த எண்பத்தாறில், ஆமி நிற்கிற வீதியால் போன பெடியனைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புவார்கள். இரும்புச் சத்தத்தை மெல்லக் குறைத்துவிட்டு வாசித்தேன்.

"தர்மபுரத்தைச் சேர்ந்த பொன்னையா நல்லதம்பி அகால மரணமடைந்தார். அன்னார் காலஞ்சென்ற பொன்னையா, மீனம்மா ஆகியோரின் அன்பு மகனாவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

யன்னலால் பார்த்தேன். மீனம்மா பிடுங்கிய களையைக் கையில் வைத்தபடியே வரம்பில் ஓடி வந்தார். பாதி வழியில் குந்தினார், பிறகு சரிந்தார். பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது. ஆனால் பாட்டுத் தொடங்கிவிட்டது, பதினொரு நிமிடப் பாட்டு. நடுவில் பேசுவது எங்கள் நிகழ்ச்சியில் வழக்கமில்லை.

பாட்டு முடிவதற்குள் வேலியோரம் ஊரே திரண்டுவிட்டது. பரமலிங்கம் ஆலையை நிறுத்திவிட்டு வந்திருந்தார். கேட்க ஆளில்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. நல்லதம்பி பின்னேர பஸ்ஸில் வந்து இறங்கினான். தன் செத்தவீட்டுக்கென்று வந்த சனம் தாயைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரித் துண்டில் மரணத்துக்குக் காரணம் மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் அந்த இடத்தில் என் பெயரை எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். அறிவித்தலில் பெயர் ஒன்றுதான் பிழையாகிவிட்டது. வருகிற சனிக்கிழமை நாலு மணிக்கு ஐந்து நிமிடம் தாருங்கள், சேர். 'திருமதி மீனம்மா பொன்னையா' என்று திருத்தி வாசித்துவிடுகிறேன். இந்த முறை நல்லதம்பியும் கேட்பான்.