பக்கத்துப் பெட்டியின் கேமரா

ராத்திரி நடந்தது என்று நினைக்காதீர்கள். பகல் பன்னிரண்டரை மணி. ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள், நடுவில் ஒரு சாலை... ஒரு நாய்கூட இல்லை. அதன் கடைசிக் கட்டடத்துக்கு ஒருவன் தனியாக நடந்துகொண்டிருந்தான்.

அவன் என் நண்பனுடைய சித்தப்பா மகனுக்கு மச்சினன். அந்தச் சித்தப்பா மகனை நாங்கள் ‘கொள்ளி’ என்போம். சினிமாவுக்குத் தீ வைப்பது அவன் தொழில், எல்லாம் கம்ப்யூட்டரில்தான். “ஊரையே கொளுத்துவாரு, அடுப்பு மட்டும் பத்த வைக்கத் தெரியாது” என்பாள் அவன் மனைவி.

அந்த வேலையின் கனத்தை வீட்டுக் கம்ப்யூட்டர் தாங்காது. பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் பெட்டிகள் எல்லாம் அந்தக் கட்டடத்தில், ஓர் அறையில் வரிசையாக இருந்தன. திரை இல்லை, நாற்காலி இல்லை, விசிறிகளின் இரைச்சல் மட்டும். ஆட்கள் அவரவர் வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் அவற்றோடு இணைந்து வேலை செய்வார்கள். அன்று கொள்ளியின் பெட்டி வேலை செய்யாமல் நின்றுவிட்டது. நேரில் போய்ப் பொத்தானை அமுக்க ஆள் வேண்டும். அங்கே பராமரிப்பு வேலையில் இருந்த மச்சினனைப் போகச் சொன்னான். போய்ச் சேர்ந்தானா என்று பார்க்க, பக்கத்துப் பெட்டிக்குள் இணைந்து அறையைக் கண்காணிக்க அதில் மாட்டியிருந்த கேமராவைத் திறந்தான்.

சேர்ந்திருந்தான். நீலச் சட்டை. குனிந்து பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால்... இன்னொருவன். வெறுங்கால். முதுகு மட்டும் தெரிந்தது. கையில் ஷட்டரை இழுக்கும் இரும்புக் கம்பி.

முதல் அடி பிடரியில். ஹெட்போனில் ஈர விறகு முறிகிற சத்தம். மச்சினன் மண்டியிட்டான். அடுத்த அடியில் தாடை கழன்று தொங்கியது. விழுந்த பிறகும் விடவில்லை. அவசரமே இல்லாமல், துணி துவைப்பதுபோல... விசிறிகள் ரத்தத்தை உறிஞ்சிப் பின்சுவரில் தூவின.

கொள்ளியின் கை தானாக மச்சினனின் எண்ணை அழுத்தியது.

“சொல்லுங்க மாமா. இப்பத்தான் கேட் வாசலுக்கு வந்தேன். என்னா வெயிலு!”

திரையில் அடி இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

“டேய்... உள்ள போகாத.”

“ஏன் மாமா?”

“போகாதன்னா போகாத! உங்க அக்கா மேல ஆணை. திரும்பி வா!”

கொள்ளி திரையைப் பார்த்தான். அறை காலியாகக் கிடந்தது. தரை சுத்தம். சுவர் சுத்தம். ‘அப்பாடா’ என்று நெஞ்சில் கை வைத்தான்.

அப்போது போனில், மெதுவாக, வேறு யாரிடமோ மச்சினன் சொல்வது கேட்டது. “அண்ணே, உள்ள யாரோ இருக்காங்க போல. கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்.”

“யாருடா அது? யார அனுப்புற?”

“வாட்ச்மேன் அண்ணன, மாமா.”

கதவு திறந்தது. காக்கிச் சட்டை உள்ளே வந்தது. பிடரியில் அதே அடி. அதே சத்தம்... இந்த முறை ஹெட்போனிலும் போனிலும் ஒன்றாக. போனில் மச்சினன் அலறினான். வாட்ச்மேன் பின்னாலேயே வந்து கதவுக் கண்ணாடி வழியாக அவன் பார்த்தது வாட்ச்மேனை மட்டும்தான். அடிக்கிறவனும் இல்லை, கம்பியும் இல்லை. ஆனால் மண்டை உள்ளே போனது... மறுபடி உள்ளே போனது.

கொள்ளிக்கு அடிக்கிறவன் தெரிந்தான். அவன் கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்தான். திரும்பினான். கேமராவை நோக்கி வந்தான்... வந்து, கட்டைவிரலால் அதைத் துடைத்தான், நாம் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல. திரை முழுக்கச் சிவப்பாக இழுபட்டது. கொள்ளி மின்வயரைப் பிடுங்கி எறிந்தான்.

யார் செய்தது என்று போலீஸுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அன்று சாயங்காலம் மச்சினன் வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அக்கா கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை.

“என்னைத்தான போகாதன்னீங்க? அவர நான்தான மாமா அனுப்பினேன்...”

கொள்ளி உள்ளே போனான். இனி இந்த வேலையே வேண்டாம் என்று தன் கம்ப்யூட்டரை அவிழ்த்தான். தன் திரைமேல் மாட்டியிருந்த கேமராவைக் கையில் எடுத்தபோது, அதன் சின்னக் கண்ணாடியில் ஒரு கறை. சிவப்பாக... கட்டைவிரல் ரேகை.

சட்டை நுனியால் துடைத்தான். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தான். நகத்தால் சுரண்டினான்.

ரேகை கண்ணாடியின் உள்பக்கம் இருந்தது.