கரையில வூடு கீறவன்

தபாலுக்குக் கையெழுத்து தானே அண்ணாத்த, போட்டுத் தரேன். மொதல்ல நீயே இந்த கோர்ட்டு கவரைப் பிரிச்சு கடைசிப் பக்கத்தைப் படி. என் கண்ணாடி போயிடுச்சு. இன்னா தீர்ப்பு போட்டுக்கீது? இந்த சாலமோனை கமிட்டியிலருந்து நீக்கணும்னா? ஆங், அதான். தெரியும் எனக்கு.

இன்னா கேசா? திருட்டு கேசு இல்ல, பயப்படாத. கடல் அரிப்புக்கு கவர்மெண்டுல விஞ்ஞானிங்க கமிட்டி ஒண்ணு போட்டாங்க. எங்க கல்லு கொட்டலாம், எங்க கொட்டக் கூடாதுன்னு சொல்ற கமிட்டி. அதுல நானும் ஒரு மெம்பரு. சிரிக்காதய்யா. பத்தொம்பது வருசமா, அமாவாசைக்கு அமாவாசை, மாதா கோயில் படியிலருந்து தண்ணி வரைக்கும் கயிறு புடிச்சு அளந்து நோட்டுல எழுதிக்கினு வரேன். அந்த நோட்டைப் பாத்துட்டுத்தான் கூப்ட்டாங்க.

மொத மீட்டிங்லயே சொன்னேன். எங்களுக்குத் தெக்கால கீற ரிசார்ட்டு முன்னாடி மட்டும் கல்லு கொட்டுனா, கடலு வடக்கால ஏறி எங்க குப்பத்தைத்தான் தின்னும்னு. அவ்ளோதான், ரிசார்ட்டுக்காரன் கோர்ட்டுக்குப் போயிட்டான். எட்டாவது படிச்சவன்லாம் விஞ்ஞானியான்னு ஒரு பாயிண்டு. அத்த ஜட்ஜே தள்ளிட்டாரு, அளவு சரியாத்தான் கீதுன்னு. இன்னொரு பாயிண்டுல மாட்டிக்கினேன். எனக்குக் கரையில வூடு கீதாம். அதனால சொந்த லாபத்துக்குப் பேசுவேனாம்.

அப்போ கமிட்டியில கீறாரே அந்த புரொபசரு? அதே ரிசார்ட்டுக்குத்தான் கல்லு கொட்ட பிளான் போட்டுக் குடுத்தாரு. அதுக்குப் பேரு லாபம் இல்லியாம், அனுபவமாம். த்தூ!

கேசு முடியற வரைக்கும் நான் மீட்டிங்குக்கே போகக் கூடாதுன்னு ஸ்டே. கல்லு கொட்டறதுக்கு எவனும் ஸ்டே குடுக்கல. பதினாலு மாசம், லாரி லாரியா எறக்கினானுங்க.

சரி, குடு. எங்க போடணும், இங்கயா? அட்ரஸா? ஆமா, நீ அங்க போய்த் தேடிட்டுத்தான இந்த மீன் ஏலக் கொட்டாய்க்கு வந்த. அந்தக் கதவு நம்பரை அடிச்சிடு. போன செவ்வாக்கிழம வூட்டையே கடலு வாரிக்கினு பூட்ச்சு. நாங்க அஞ்சு பேரும் இங்கதான் படுத்துக்கினு கீறோம்.

அண்ணாத்த, ஒரு நிமிசம். இப்பதான் எனக்குக் கரையில வூடே இல்லியே. கமிட்டியில உக்காரலாம்னு அதுல எங்கனா எழுதிக்கீதா, பாத்துச் சொல்லு.