சபைத் துவக்குக்கு ஊர் கிடையாது

புகழ் அனைத்தும் படைத்தவனுக்கே! இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மாண்புமிகு தவிசாளர் அவர்களே, பள்ளிவாசல் நிருவாகத்தினரே, ஆலய பரிபாலன சபையினரே, வயல் வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெரியோரே, வலையைக் கரையில் போட்டுவிட்டு வந்திருக்கும் கடற்றொழிலாளச் சகோதரரே, வலப்பக்கம் நிறைந்திருக்கும் என் அன்புத் தாய்மாரே! உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் நிலவட்டும். வணக்கம்.

நான் ஸகியா. உங்களில் பாதிப்பேருக்குக் கணிதம் படிப்பித்த ஸகியா டீச்சர். என்ன தம்பி பின்வரிசையில், சிரிக்கிறீர்? ஓம், உமக்கும்தான் படிப்பித்தேன்!

நம் பிள்ளைகள் மாகாணக் குறிசுடும் போட்டிக்குப் போக ஆசைப்படுகிறார்கள். பழக ஓர் இடமில்லை. நம் உள்ளூராட்சிச் சபையே அந்த இடத்தை நடத்தலாமா, கூடாதா? இதுதான் இன்றைய வினா. நடத்தலாமா என்றா கேட்கிறீர்கள்? நடத்திய சபை ஐயா இது!

எண்பதுகளின் தொடக்கம். கடற்கரையில், சந்தைக்குப் பின்னே, தென்னைகளுக்கு நடுவே சபையின் குறிசுடும் திடல் இருந்தது. காற்றுத் துவக்குகள், கடதாசி இலக்குகள், இலக்குகளுக்குப் பின்னால் மணல் மூட்டைகள். பாண்டிருப்பைச் சேர்ந்த தனஞ்சயன் என்ற இளைஞர் அதற்குப் பொறுப்பாளர். வியாழக்கிழமை மாலை பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. என் வாப்பா சரீப் என்னை அங்கே சைக்கிளில் ஏற்றிப்போனார்.

நான் சுட்ட முதல் குண்டு எங்கே போனது தெரியுமா? இலக்கிலா? இல்லை! மணல் மூட்டையிலா? அதிலும் இல்லை! தென்னோலையைத் துளைத்துக்கொண்டு வானத்துக்குப் போனது.

“பயப்படாதீங்க தங்கச்சி,” என்றார் தனஞ்சயன். “மூச்ச மெல்ல விட்டுட்டு விரல அமத்துங்க. கை நடுங்கிறது எல்லாருக்கும்தான்.”

அந்தக் கடற்காற்று! அந்த வறுத்த கச்சான்கடலை வாசம்! பக்கத்துக் காரைதீவுப் பெண்களும் நாங்களும் ஒரே பாயில் படுத்துக் குறிபார்த்த அந்த மாலைகள்! வென்றவருக்குக் கைதட்டல், தோற்றவருக்கு இளநீர். இளநீருக்காகவே தோற்றவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள் தாய்மாரே, அவர்களில் இருவர் இங்கேதான் இருக்கிறார்கள்!

பிறகு அந்தக் கெட்ட காலம் வந்தது. முஸ்லிம் ஊருக்கும் தமிழ் ஊருக்கும் இடையே வதந்தி ஓடியது. ஒரு வியாழக்கிழமை, நானும் வாப்பாவும் திடலில் நின்றபோது, எங்கள் ஊர் இளைஞர்கள் கூட்டமாய் வந்தார்கள்.

“துவக்குகளத் தாங்க. ஊரக் காக்கோணும்.”

தனஞ்சயன் களஞ்சிய அறைக் கதவைப் பூட்டினார். “இது சபைட சாமான். சபை கூடிச் சொன்னாத் தாறன்.”

முணுமுணுத்தபடி போனார்கள். சற்று நேரத்தில் தனஞ்சயனின் ஊர் இளைஞர்கள் வந்தார்கள்.

“அண்ணன், நீங்க எங்கட ஆள்தானே. எடுத்துத் தாங்க.”

“உங்கட ஆள்தான். ஆனாத் துவக்கு உங்கடயுமில்ல, அவங்கடயுமில்ல. சபைட.”

ஒருவன் துடுப்பை ஓங்கினான். அடி தோளில் விழுந்தது. தனஞ்சயன் சரிந்தார். அவர் விழுந்த இடத்தில், கதவுக்கு முன்னால், என் வாப்பா போய் உட்கார்ந்துகொண்டார்.

“என்னயும் அடிச்சுப்போட்டு எடுங்க மனே,” என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை.

ஓங்கிய கை இறங்கியது. வந்தவர்கள் திரும்பினார்கள். மறுநாள் காலை, தோளில் கட்டோடு தனஞ்சயனும் வாப்பாவும் அன்றைய தவிசாளரும் அத்தனை துவக்குகளையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் பொலிசில் ஒப்படைத்தார்கள். திடல் மூடப்பட்டது. அந்தத் துவக்குகளில் ஒன்றுகூட ஒரு மனிதரை நோக்கித் திரும்பவில்லை!

கட்டடத்தைப் பின்னர் சுனாமி கொண்டுபோனது. அகதிமுகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றபோது எனக்குப் பின்னால் ஒரு குரல்: “தங்கச்சி, இப்பவும் கை நடுங்குதா?” திரும்பினேன். தனஞ்சயன்! வீட்டையும் வள்ளத்தையும் இழந்த மனிதர் என்னைச் சிரிக்க வைத்தார். இன்று அவரும் இல்லை, வாப்பாவும் இல்லை.

என்ன ஆயிஷா உம்மா, எழும்பி நிற்கிறீர்கள்? சொல்லுங்கள்.

“வெடிச்சத்தம் கேட்டா இன்னமும் நெஞ்சு பதறுது புள்ள. அது வேணுமா நமக்கு?”

உம்மா, உங்கள் நெஞ்சு பதறுவதில் நியாயம் இருக்கிறது. காணாமற்போன பிள்ளையைத் தேடித் தேடி நடந்த தாய் நீங்கள். காற்றுத் துவக்கு வெடிக்காது, டப்பென்று ஒரு சிறு ஓசைதான் என்று சொல்லி உங்களை நான் வாயடைக்கமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். சபை செய்யாவிட்டால் யார் செய்வார்? பணமுள்ளவர் மதில் கட்டிச் செய்வார். அந்த மதிலுக்குள் எட்டிப்பார்க்க உங்களால் முடியுமா? சபையின் திடல் என்றால் முடியும்! கேள்வி கேட்க முடியும்! வேண்டாமென்றால் வாக்களித்து மூட முடியும்! ஆகவே நடத்துங் குழுவில் பாதிப்பேர் தாய்மாராக இருக்கட்டும். முதல் பெயராக உங்கள் பெயரை நானே முன்மொழிகிறேன். இருப்பீர்களா?

“...இருப்பன். ஆனா துவக்கு அறைய நானும் பாத்துத்தான் பூட்டோணும்.”

கேட்டீர்களா சபையோரே! இதைவிட நல்ல காவல் எந்த நாட்டில் உண்டு?

துவக்கு என்றால் துயரம் என்று மட்டும் அறிந்த தலைமுறை நாம். நம் பிள்ளைகளுக்கும் அச்சத்தைத்தானா கொடுத்துப்போவது? எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல், எல்லா ஊருக்கும் பொதுவாய், வேற்றூர்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்து, கடதாசியை மட்டுமே குறிபார்க்க அவர்கள் பழகட்டும். சபை நடத்தட்டும்! சபையே நடத்தட்டும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், நேரம் நீண்டும் மணியடிக்காத தவிசாளருக்கும் என் நன்றி. இனி உங்கள் கைகள் உயரட்டும். அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.