பதினோராண்டு தொடாத சுரம்

எட்டு நிமிடம் என்று எழுதி என் கண்முன் ஒட்டிவைத்திருக்கும் தலைவர் அவர்களே, சங்கத்தின் மூத்தோர்களே, நாற்காலியை விட்டு எழாமலே கணினியில் நாற்பது வாத்தியம் வாசிக்கும் நண்பர்களே, அந்த நாற்பதையும் அடுத்த அறையிலிருந்து பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே, மென்பொருள் நிறுவனத்தின் சார்பில் முதல் வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும் தம்பி அவர்களே, வணக்கம்.

நில அளவை அலுவலகத்தில் முப்பது ஆண்டு கோடு போட்டவன் நான். மேடை பழக்கமில்லை. ஆகவே பேச்சுக்கும் எல்லைக்கல் நட்டு, அச்சிட்டு, உங்கள் கையில் தந்திருக்கிறேன்.

1. பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிட அதிக விலை கேட்பது அநீதி.
2. நிறுவனம் நம் குறைகளுக்குச் செவிகொடுத்ததே இல்லை. இதற்கு ஒலிச் சான்று உண்டு.
3. ஆகவே, விலை குறையும்வரை புதிய பதிப்பை வாங்குவதில்லை என்று கை உயர்த்துவோம்.

முதலாவது. இந்த நிறுவனத்தார் கலைஞர்களை ஓர் அரங்கில் அமர்த்தி, வயலினும் அதன் அண்ணன் வயோலாவும் குழலும் கொம்பும் சுரம் சுரமாய்ப் பதிந்து, ஒரு மென்பொருள் பெட்டிக்குள் அடைத்து நம் கணினிக்கு அனுப்பினார்கள். அற்புதம்! அந்தப் பெட்டி அடுத்த மாதத்தோடு இயங்காதாம். என் இருபத்தாறு நாடக இசைகளும் அதற்குள்தான் இருக்கின்றன. புதிய பதிப்பு வாங்கினால்தான் அவை திறக்கும். விலை என்ன? இன்று வந்தவருக்கு அறுபது டாலர். என்றோ வந்த நமக்கு எழுபத்தைந்து! பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். வாடிக்கையாளருமா புளிப்பார்?

தொலைபேசியில் கேட்டேன். ஒரு பெண் பேசினார்.

"சார், நீங்க புதுசா சேர்றீங்களா?"

"இல்லம்மா, பதினோரு வருஷமா இருக்கேன்."

"அப்ப உங்களுக்குச் சலுகை இல்லையே சார்."

"நான் வந்தது தப்பா, இருந்தது தப்பாம்மா?"

"எனக்குத் திரையில அப்படித்தான் சார் காட்டுது."

சிரிக்காதீர்கள். அந்தப் பெண்மேல் பிழையில்லை. திரைமேல்தான்.

இரண்டாவது. வயோலாவின் மிகத் தாழ்ந்த சுரத்தை அழுத்தினால் 'கிரீச்' என்று ஒரு சத்தம். பதிவின்போது வாசித்தவர் அசைந்திருக்கிறார், நாற்காலி முனகியிருக்கிறது. வாங்கிய வாரமே கடிதம் எழுதினேன். "பரிசோதித்தோம், அப்படி ஒரு சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை" என்று பதில் வந்தது. இதுவா செவி? இதுவா சேவை? அன்றிலிருந்து அந்தச் சுரத்தை நான் தொட்டதில்லை. சோகக் காட்சி வரும், கதாநாயகி கதறுவாள், இசை இறங்கி இறங்கி வரும். அந்தப் படிக்கு ஒரு படி முன்பே நிறுத்திவிடுவேன்.

என் வீட்டுக் கணினியையும் இசைப்பலகையையுமே கொண்டுவந்திருக்கிறேன். ஒலிபெருக்கித் தம்பி, சத்தம் கூட்டுங்கள். இதோ, நின்றபடியே அழுத்துகிறேன்.

கேட்டீர்களா?

யாரது பின்வரிசையில், "நல்லாத்தானே இருக்கு பெரியவரே" என்பது? பொறுங்கள். மீண்டும் அழுத்துகிறேன்.

மீண்டும்.

அந்தக் 'கிரீச்' சத்தம் இல்லையே...

மூன்றாம் வரிசையில் எழுந்து நிற்பவர் என் மனைவி. சொல்லம்மா, சத்தமாகவே சொல்.

"ஏங்க, அது நம்ம வீட்டு நாற்காலிங்க! கடைசிக் கட்டையை எட்ட இடது பக்கம் சாய்வீங்கல்ல, அப்பத்தான் அது கத்தும். எண்ணெய் விடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்! நீங்க காதுல மாட்டினதைக் கழட்டினாத்தானே!"

கை தட்டுங்கள், தட்டுங்கள். நியாயம்தான்.

முகமறியாத வயோலாக் கலைஞரே, எங்கிருந்தாலும் என்னை மன்னியுங்கள். நீங்கள் அசையவில்லை. அசைந்தவன் நான். நிறுவனத் தம்பி, உங்கள் செவியும் பழுதில்லை.

கையில் இருந்த ஒரே சான்றும் போயிற்று. இறங்கிவிடலாமா என்றுதான் கால் சொல்கிறது. ஆனால் தம்பி, ஒன்று கேட்கிறேன். பழுதான பொருள் என்று பதினோராண்டு நம்பினேன். நம்பியும் விட்டுப் போனேனா? வேறு கடை பார்த்தேனா? ஒரு சுரத்தையே துறந்தேனே தவிர, உங்களைத் துறந்தேனா? நல்ல பொருளோடு யாரும் இருப்பார்கள். கெட்டது என்று எண்ணியும் கூடவே இருந்தவனுக்கு என்ன பெயர்? "விசுவாசி" என்கிறார் தலைவர். "சோம்பேறி" என்கிறார் என் மனைவி. இரண்டில் எதுவானாலும் சரி, அவனுக்கு எழுபத்தைந்தா விலை?

தாளின் மூன்றாவது வரிக்கு இந்தக் கேள்வி ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள் கை உயர்த்துங்கள். முதலில் எழுந்ததே என் வீட்டுக் கைதான்! நிறுவனத் தம்பி, எண்ணிக்கொள்ளுங்கள். ஆமாம், அந்தத் தூணுக்குப் பின்னாலும். என்ன, நீங்களும் கை தூக்குகிறீர்களா? பேச அனுமதியா? சொல்லுங்கள்.

"சார், இதை அப்படியே மேல சொல்றேன் சார். நாற்காலிக் கதையையும் சேர்த்து."

சேர்த்தே சொல்லுங்கள்.

தலைவரே, இன்னும் அரை நிமிடம் பாக்கி. அதில் அந்தத் தாழ்சுரத்தை ஒருமுறை, முழுதாக, அச்சமில்லாமல் வாசித்துக்கொள்கிறேன்.

ஆகா.

செவிமடுத்த அனைவருக்கும், எழுந்து நின்று திருத்திய ஒருவருக்கும் என் நன்றியும் வணக்கமும். போகுமுன் அச்சிட்ட தாளில் இரண்டாவது வரியை அடித்துவிடுங்கள். அது தவறு.