மருந்துத் தட்டில் நாலு புள்ளி

அண்ணி: மூடியைத் திறக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது! கையை எடு சிட்டு.

சிட்டு: திறக்கல அண்ணி... சும்மா எட்டிப் பார்த்தேன். தட்டுல ஒரு கிருமிப் புள்ளியையும் காணோமே?

அண்ணி: எண்ணிட்டு இருக்கேன், பேசாதே. மூணு... நாலு. அவ்வளவுதான். நாலே நாலு!

சிட்டு: நாலுன்னா பாஸா, ஃபெயிலா?

அண்ணி: போன வருஷம் இதே தட்டு எப்படி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?

சிட்டு: உப்பைக் கொட்டின மாதிரி. நீங்க தலையில கை வெச்சுட்டு உக்காந்துட்டீங்க.

அண்ணி: உக்காராம? இதுல மருந்து கலந்திருக்கு. சாதாரணக் கிருமின்னா செத்துடும். இதுலயும் ஜம்முன்னு வளருதுன்னா, அந்த மருந்துக்கு அது அடங்காதுன்னு அர்த்தம். நீ வேலை பாக்குற ஆஸ்பத்திரி வெளிய விடுற கழிவுத் தண்ணியில அப்படி எத்தனை இருந்துச்சு!

சிட்டு: அந்தத் தண்ணி விழுற கால்வாய்ல துணி துவைக்கிற அக்காவுக்குக் கால் புண்ணு ஆறவே இல்லியே... அப்ப எனக்குச் சோறே இறங்கல.

அண்ணி: இப்ப எப்படி இருக்காங்க?

சிட்டு: ஆறிடுச்சு. அவங்க வாளியை நகர்த்தி வெச்சுட்டேன்னு நேத்து என்னைத் துரத்தித் துரத்திச் சண்டை போட்டாங்க.

அண்ணி: அப்ப நல்லாத்தான் இருக்காங்க.

சிட்டு: அண்ணி, எங்க அண்ணன் சொல்றார்... அவர் மூஞ்சியைவிட இந்தத் தட்டைத்தான் நீங்க அதிகம் பாக்குறீங்களாம்.

அண்ணி: தட்டு எதிர்த்துப் பேசாதுன்னு சொல்லு. சரி, கழிவுத் தண்ணித் தொட்டிக்குக் காத்து அடிக்கிற புது மோட்டார் எப்படி ஓடுது?

சிட்டு: சத்தமே இல்ல. ஓடுதா நின்னுடுச்சான்னு நான்தான் கை வெச்சு வெச்சுப் பாத்துக்கிறேன். தொட்டி முழுக்கக் காத்து நுரைச்சுட்டு வருது. உங்க ரிப்போர்ட் வந்த மறு வாரமே மாட்டிட்டாங்கல்ல... சூப்பர்வைசரையும் மாத்திட்டாங்க.

அண்ணி: அதுவும் நல்லதுக்குத்தான்.

சிட்டு: அண்ணி... ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது.

அண்ணி: எதையாவது உடைச்சுட்டியா?

சிட்டு: ஐயோ, இல்ல. பழைய மோட்டார் நின்னு போய், தண்ணியை அப்படியே கால்வாய்ல விட்டுட்டு இருந்தோமே... அப்ப அந்த சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். "உன் அண்ணி சோதிக்கிறதுக்கு வாரா வாரம் கொண்டு போற பாட்டில்ல பாதிக்குக் குழாய்த் தண்ணி ஊத்திடு, யாருக்குத் தெரியப் போகுது"ன்னார்.

அண்ணி: நீ?

சிட்டு: சரி சார்னு மண்டையை ஆட்டினேன்.

அண்ணி: ஆட்டிட்டு?

சிட்டு: கால்வாய்ல விழுற தண்ணியையே பிடிச்சுட்டு வந்தேன். ஒரு சொட்டு கலக்கல. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

அண்ணி: எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

சிட்டு: சொல்லியிருந்தா நேரா அவர் முன்னாடி போய் நின்னிருப்பீங்க.

அண்ணி: நின்னிருப்பேன்தான்...

சிட்டு: என்ன அண்ணி, கண்ணாடியைக் கழட்டிட்டீங்க?

அண்ணி: ஒண்ணுமில்ல. கண்ணாடியில தூசி.

சிட்டு: தூசி கண்ணாடியில... துடைக்கிறது கண்ணையா?

அண்ணி: விளையாடாதே சிட்டு. நானும் உங்கிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். அந்த ஆளு உன்னை அப்படி ஏதாவது செய்யச் சொல்லுவான்னு எனக்குத் தோணுச்சு. வேலைக்குப் பயந்து நீயும் செஞ்சுட்டியோன்னு... தையல் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை தவறாம அந்தக் கால்வாய்ப் படியில இறங்கி நானே தண்ணி எடுத்தேன். உன் தட்டும் என் தட்டும் ஒண்ணு போலவே இருந்துச்சு. உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே... மன்னிச்சுடும்மா.

சிட்டு: மோட்டார் ரூம் ஜன்னல்ல இருந்து பார்த்தா அந்தப் படி நல்லாவே தெரியும் அண்ணி. முதல் வாரமே வழுக்கித் தொப்புன்னு உக்காந்தீங்கல்ல... அதுக்கப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை அந்தப் பாசியைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவி வெச்சது யாருன்னு நினைச்சீங்க?