ஒம்பதாவது கேள்வி

ரெண்டு தடவை குத்தியும் வரலன்னா மூணாவது தடவை குத்துங்க சிஸ்டர். எழுந்து போங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, நான் போக மாட்டேன். இந்தாங்க, இடது கையில பாருங்க. அதுலயும் நரம்பு ஒளிஞ்சுக்கிட்டா புறங்கை இருக்கு. வலிக்கலீங்க. வலிச்சா சொல்லாம இருப்பேனா, எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

ஆமா, உங்களுக்கு ரத்தம் குடுக்கிறது இது ரெண்டாவது தடவை. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எங்க தையல் கம்பெனிக்கே உங்க வண்டி வந்துச்சே. நல்லா இருக்கிறவங்க ரத்தம் வேணும், அதை வருஷக்கணக்கா வச்சிருந்து, நோய் முத்துறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க வழி தேடப் போறோம்னு டாக்டரம்மா மைக்ல சொன்னாங்க. எங்க லைன்ல கை தூக்கினது நான் ஒருத்திதான். பக்கத்துல பட்டன் தைக்கிற அக்கா தூக்கின கையைப் பிடிச்சு இறக்கப் பாத்தாங்க.

வீட்டுல அதுக்கு மேல. நல்லா இருக்கிற உடம்புல எதுக்கு நோயத் தேடப் போறேன்னு நாத்தனார் ஒரு பாட்டம் கத்தித் தீத்தாங்க. வீட்டுக்காரர் ரெண்டு நாள் பேசல. அதுவும் நிம்மதிதான்னு நானும் விட்டுட்டேன்.

வேலையா? செக்கிங். தைச்சு வர்ற சட்டையெல்லாம் என் மேசைக்குத்தான் வரணும். தையல் விட்டிருந்தா சிவப்பு ஸ்டிக்கர். சிவப்பு ஒட்டினா குப்பைக்குன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. அதான் இல்ல. உள்ள ஒரு துண்டுச் சீட்டுல நம்பர் இருக்கும். அதை வச்சு எந்த மிஷின், எந்த நேரம்னு அப்படியே பின்னாடி போவேன். போனா அங்க ஒரு ஊசி மழுங்கிக் கிடக்கும். கெட்டுப் போன சட்டைதான் அதைக் காட்டிக் குடுக்கும்.

ம், வருதா? நான் சொன்னேன்ல. நாலு குழாயும் நிறையட்டும்.

ஃபாரத்துல என்ன? ஒம்பதாவது கேள்வியா. காலியாத்தான் விட்டேன், வேணும்னே. முதல்ல இல்லைன்னு டிக் போட்டு, அப்புறம் அதையும் அடிச்சுட்டேன் பாருங்க. போன தடவைக்கு அப்புறம் பெரிய நோய் ஏதாச்சும் வந்துச்சான்னா என்னத்த எழுதுறது? ஆமான்னு எழுதினா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவீங்கன்னு பயம். நல்லா இருக்கிறவங்க வேணும்னுதானே அன்னைக்குச் சொன்னாங்க. சரி, பொய் சொல்லலாம்னா மனசு கேக்கல. பதினாறு வருஷமா, கிழிஞ்சதுக்கு நல்லதுன்னு ஸ்டிக்கர் ஒட்டாத கை இது.

எழுதிக்குங்க. கணையத்துல கேன்சர். கண்டுபிடிச்சு எட்டு மாசம் ஆச்சு. மருந்து ஏத்தி ஏத்தித்தான் நரம்பெல்லாம் இப்படி.

என்னது, அனுப்ப மாட்டீங்களா? என்னை மாதிரி ஆளுங்க ரத்தம்தான் இன்னும் முக்கியமா? அதை வாசல்ல எழுதிப் போட்டா என்னவாம். ராத்திரியெல்லாம் தூங்காம வந்திருக்கேன்.

அன்னைக்கே எடுத்தாங்களே, அப்பவே ஏன் சொல்லலன்னு வீட்டுக்காரர் உங்களைத் திட்டாத நாள் இல்ல. எனக்கும் ஆத்திரம் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா என்னத்தப் பாக்கணும்னே தெரியாதப்ப யார் சொல்றது? அந்தப் பழைய ரத்தம் உங்க ஃப்ரீசர்ல இருக்குல்ல? அதையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. எங்க விட்டுச்சுன்னு தேடுங்க. சும்மா பூட்டி வச்சீங்கன்னா விட மாட்டேன், சொல்லிட்டேன்.

அந்தக் கார்டுல அடுத்த வருகைக்குத் தேதி போடாதீங்க சிஸ்டர். அஞ்சு வருஷமெல்லாம் எங்கிட்ட இல்ல. அதுக்குப் பதிலா புது ஃபாரம் ஒண்ணு எடுங்க. வெளிய நீலப் பையோட உக்காந்திருக்கா பாருங்க, அவ என் பொண்ணு. எங்கம்மாவும் இதே நோய்லதான் போனாங்க. நான் கூட்டிட்டு வரல, அவளாத்தான் வந்தா. அவளுக்கு நரம்பு நல்லாத் தெரியும், ஒரே குத்துல வந்துரும்.